பொன்னுருக்கிய மாப்பிள்ளை காருக்குக் கீழே

என் ராசா,

நேற்று வீடியோக்காரப் பொடியன் ரெலிபோன் எடுத்தான். "அன்ரி, தாலி கட்டுற இடத்தில மாப்பிள்ளையின்ர கையைக் கிட்டவாப் பிடிச்சிருக்கிறன். நகத்துக்குள்ள ஒரே கறுப்பு. கொம்பியூட்டரில அழிச்சு விடட்டோ?" என்று கேட்டான். தொழில் தெரிந்த பொடியன், என் நன்மைக்குத்தான் கேட்டான். எனக்கு வந்த கோபத்தில், "அதை அழிச்சியெண்டால் உன்ர கையை முறிப்பன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது, நடந்ததை விளங்கப்படுத்தினேன். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்ரி, இதை நீங்கள் எழுதவேணும்" என்றான். அதனால் எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஒளித்து எழுதவில்லை. மண்டபத்தில் என் காதுபட, "மாப்பிள்ளைக்குக் கை கழுவவும் நேரமில்லையாம்" என்று சிரித்த உறவுக்காரரும் வாசிக்கட்டும். லுசேர்ணில் புது வீட்டில் நீயும் உன் மனைவியும் இன்னும் பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆறுதலாக வாசி. அவசரமாக வாசித்தால் அம்மாவின் ஏச்சு மட்டும்தான் கண்ணில் படும்.

பெரியம்மாவை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா. கல்யாணம் செய்யாதவள், பிள்ளை என்று அவளுக்கு இருந்தது நீ ஒருவன்தான். ஃப்ரிபூர்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தாள். நாங்களும் அப்போது அங்கேதான் இருந்தோம். எனக்குப் பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலை. நீ கண் முழிக்குமுன் நான் ரயிலேறிவிடுவேன். ஆகவே எழும்பியதும் நீ பார்த்த முகம் அவளுடையது. அவள் மத்தியான வேலைக்கு வெளிக்கிடும் நேரத்துக்குத்தான் நான் வந்து சேருவேன். கதவடியில் உன்னைக் கை மாற்றுவோம், நீ அவள் கழுத்தை விடமாட்டாய். அவளைத்தான் முதலில் அம்மா என்று கூப்பிட்டாய். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஏன் இருக்காது? ஃப்ரிபூர்க்கின் கீழ்நகரத்திலிருந்து மேலே ஏறுகிற அந்தப் படிகள் உனக்குத் தெரியும். இரண்டு படி ஏறிவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நிற்பாய், அவளும் ஒரு சொல் ஏசாமல் குனிந்து முதுகைக் காட்டுவாள். அந்த முதுகில்தான் போன வருடம் ஒப்பரேசன் செய்து ஆணி பூட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் சரியாக நித்திரை கொண்டதில்லை. கட்டிலில் கொஞ்ச நேரம், கதிரையில் கொஞ்ச நேரம், மிச்ச நேரம் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடப்பாள்.

அடுத்தது எங்கள் கார். பெட்டி மாதிரி உயர்ந்த, நிறம் மங்கிப்போன அந்தப் பழைய காரில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தால், ஒரு தெரு முந்தியே இறக்கிவிடச் சொல்லுவாய். பெடியள் பார்த்துவிடுவார்களாம்! ஆனால் பெரியம்மாவுக்கு ஏற்ற கார் உலகத்தில் அது ஒன்றுதான். சொந்தக்காரரிடம் இருப்பதெல்லாம் நிலத்தோடு படுத்துக் கிடக்கிற புதுக் கார்கள். இடுப்பை மடித்துத் தாழக் குந்தக்கூடாது என்று டாக்டர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் கார் இருக்கையில் அவள் நின்றபடியே பின்னுக்குச் சாய்ந்து இருந்து, காலை மெதுவாக உள்ளே எடுத்து வைத்தால் போதும். சக்கர நாற்காலி ஏற்றுகிற டாக்ஸி பிடிப்போமா என்றும் கேட்டுப் பார்த்தேன். "நான் மாப்பிள்ளையின்ர பெரியம்மா. என்னைப் பொதி மாதிரிப் பின்கதவால ஏத்தி இறக்க விடுவனோ?" என்றாள். அவளோடு யார் கதைத்து வெல்வது?

அந்தக் காருக்குக் கொஞ்ச நாளாக நடுக்கம் பிடித்திருந்தது. ஓடும்போது அவ்வளவு தெரியாது. நின்றால்தான் வியாதி. சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் ஸ்ரியரிங், இருக்கை, கண்ணாடி எல்லாம் குளிர்காய்ச்சல்காரனைப் போல உதறும். என்ஜினைக் காரோடு பிடித்து வைத்திருக்கிற மவுண்டுகள் தேய்ந்துவிட்டன என்று நீ சொன்னாய். இரண்டு இரும்புக்கு நடுவே ரப்பர் வைத்த தாங்கிகள் அவை. புதியவற்றை வாங்கியும் வைத்திருந்தாய். கல்யாணம் முடியட்டும், பிறகு மாற்றுவோம் என்று பெல்கனியில் பெட்டியோடு கிடந்தன. நான் பழகிப்போனேன். உதறினால் உதறட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை, உன் தாலிக்குப் பொன்னுருக்குகிற சடங்குக்குப் பெரியம்மாவை ஃப்ரிபூர்க்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தவள் நான். நெடுஞ்சாலையில் கதைத்துக்கொண்டுதான் வந்தாள். நாங்கள் இப்போது இருக்கிற பேர்ணுக்குள் இறங்கி முதல் சிவப்பு விளக்கில் நின்றதும் கதை அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் முன்தட்டைப் பிடித்திருந்தாள், முகத்தில் இரத்தமில்லை. "அக்கா, என்ன செய்யுது?" என்றேன். "ஒண்டுமில்லை, நீ ஓட்டு" என்றாள். அடுத்த விளக்கும் சிவப்பு. அதற்கு அடுத்ததும் சிவப்பு. அன்றைக்கென்று இந்த ஊரில் பச்சை என்ற நிறமே இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த உதறல் அவளுடைய முதுகுக்குள் இருக்கிற ஆணிகளில் போய் ஏறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நான் சிவப்பைப் பார்த்துப் பார்த்து, கடவுளே, கெதியா மாத்து, கெதியா மாத்து என்று மனதுக்குள் கத்தினேன்.

வீட்டில் எங்கள் குசினியில் வைத்துப் பத்தர் பொன்னை உருக்கினார். புகை மணி அடித்துவிடுமோ என்று உன் அப்பா கதிரையில் ஏறி அதை ஒரு துவாயால் பொத்திக்கொண்டு நின்றார். மூசைக்குள் தாலிக்கான பொற்காசு தளதளவென்று உருகி ஓடியபோது எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பெரியம்மா மட்டும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினவள் பாதியில் இறக்கிவிட்டாள், நோ தாங்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு உன்னைக் கிட்டக் கூப்பிட்டாள். "அப்பன், கோவிக்காதை. ஞாயிற்றுக்கிழமை கலியாணத்துக்கு நான் லுசேர்ணுக்கு வரேல்ல. ஃபோனில பிடிச்சுக் காட்டுவினம்தானே, பாக்கிறன். நான் பாத்தால் என்ன, பாக்காட்டில் என்ன, நீ நல்லா இருப்பாய்" என்றாள். அவளை அப்பா திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். ஜன்னலில் நின்று அந்தக் கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பெல்கனிக்குப் போய் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"என்னடா இது?" என்றேன்.

"பெரியம்மா இல்லாமல் நான் மணவறையில இருக்கமாட்டன் அம்மா. நாளைக்குச் சாமானுகள் எடுத்து வைக்கிறன், வெள்ளிக்கிழமை மாத்துவம்."

"விசரோ உனக்கு? பொன்னுருக்கி முடிஞ்சுது. இனித் தாலி கட்டுற வரைக்கும் நீ வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. கடையில குடுத்துச் செய்விப்பம்."

மெக்கானிக் கடைக்கு நீயே ரெலிபோன் எடுத்துக் காட்டினாய். அடுத்த கிழமைக்குப் பிறகுதான் இடம் என்றார்கள். நான் விடவில்லை. நம்முடைய ஆக்கள் இந்த நாட்டுக்கு வந்து எதை எதையோ விட்டோம், இந்த ஒன்றையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. நீ ஆறுதலாகக் கேட்டாய், "கட்டடத்துக்குக் கீழ இருக்கிற கராஜும் இந்த வீடுதானே அம்மா? லிஃப்ட்டில இறங்கினால் வாசலைத் தாண்டவே தேவையில்லையே?" பதில் வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். "அம்மா, மேல வீடு, கீழ கார். ரெண்டுக்கும் கூரை ஒண்டோ, வேற வேறயோ?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். "அப்ப அதுவும் வீடுதான். பிள்ளையைக் கவனமாச் செய்யச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார். நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா மண்டப வேலையாக லுசேர்ணுக்குப் போய்விட்டார். உனக்குக் கையாள் நான். கராஜ் சுவரில் இங்கே கார் திருத்தக் கூடாது என்று ஒரு பலகை தொங்குவது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். காரின் முன்பக்கத்தைத் தூக்கி இரும்புக் கால்களில் நிறுத்தி, நீ கீழே போய்ப் படுத்ததும் அப்வார்ட் வந்து நின்றார், இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த நெட்டை மனிதர். ஏன் மெக்கானிக்கிடம் போகவில்லை என்று கேட்டார். சமையலறையில் பழகின என் ஜேர்மன் பாஷையில், இவன் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொன்னேன். அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்! குரலைத் தாழ்த்தி, "பொலீஸோ?" என்று கேட்டார். நீ காருக்குக் கீழே இருந்து வயிறு குலுங்கச் சிரித்தாய். கல்யாணம், கல்யாணம் என்று நான் கழுத்தில் தாலியைத் தூக்கிக் காட்டினேன். அவர் போய்விட்டார். முறைப்பாடு எழுதப் போகிறார் என்று நினைத்தேன். எண்ணெய் சிந்தாமல் வைக்க ஒரு தட்டத்தையும் பழைய மட்டைகளையும் கொண்டு வந்து தந்துவிட்டு, பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை மத்தியான அமைதி நேரம், ஒரு சத்தமும் வரக்கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

தம்பி, அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். என்ஜின் என்பது காரோடு ஒட்டிப் பிறந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நீ என்ஜினின் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதற்குக் கீழே ஜாக்கை வைத்து, "அம்மா, மெதுவா அமத்துங்கோ. ஒரு விரல் உயரம் எழும்பினால் காணும்" என்றாய். அமத்தினேன். அந்தக் கறுத்த பெரிய உடம்பு அசைந்து எழும்பியது. ஐயோ, என் கைக்குள் அது எழும்பியது! நீ போல்ட்டுகளைக் கழற்றி ஒரு பழைய மவுண்டை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாய். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ரப்பர் வெடித்து, உள்ளே இருந்த எண்ணெய் ஒழுகி, இரும்பில் இரும்பு இடித்துப் பளபளவென்று தேய்ந்திருந்தது. இதுவும் இதைப் போல இன்னும் இரண்டும்தான் அந்தப் பாரத்தை இவ்வளவு காலமும் தாங்கினவையாம். பாரத்தைத் தாங்குவது மட்டுமல்ல, அதன் உதறலையும் தாங்களே வாங்கி, உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தனவாம். நான் அதைத் தரையில் வைக்க மனமில்லாமல் மட்டையில் வைத்தேன். கோயிலில் சுவாமி வெளியே வரும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று நடக்கும். அதுவேதான் அந்தச் சீமெந்துத் தரையில், எண்ணெய் மணத்துக்குள் குந்தியிருந்தபோதும் நடந்தது. நீ சிரித்தாலும் பரவாயில்லை, உண்மை அதுதான்.

உன்னைப் பார்த்தும் அப்படித்தான் இருந்தது. அலுவலகத்தில் கொம்பியூட்டர் தட்டுகிற பிள்ளை, வீட்டில் ஒரு பல்ப் மாற்றச் சொன்னால் மூன்று தரம் கூப்பிடவேண்டும். அப்படிப்பட்ட நீ ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொட்டாய். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றினால் என்ஜின் சரிந்துவிடும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். புது மவுண்டுகளைப் பூட்டும்போது சொன்னாய், "போல்ட்டைக் கையால மட்டும் சுத்தி விடுங்கோ அம்மா. ஸ்பானர் போடக்கூடாது. ஜாக்கை இறக்கி, என்ஜின் தன்ர பாரத்தில வந்து இருக்கட்டும். அதுக்குப் பிறகுதான் இறுக்கிறது." ஓம் என்றேன். நான் ஓம் என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம், கேட்டு நடப்பேன் என்று அர்த்தமில்லை. உனக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றும் ஏறின நேரம் உன் ஃபோன் அடித்தது. சூரிச்சிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணை குடும்பத்தோடு வந்து, மாப்பிள்ளையைக் காணவேண்டும் என்று மேலே வீட்டுக் கதவடியில் நின்றார். நீ கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாய். நான் தனியே நின்றேன். நேரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெரியம்மா ஏறப்போகிற கார், என் பிள்ளையின் கல்யாணத்துக்குப் போகிற கார், அதன் ஆணியை ராகுகாலத்திலா இறுக்குவது? நீண்ட ஸ்பானரை எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிடாரமும் மூடியும் தூக்கிப் பழகின கை இது. ஒன்றும் விடாமல், பிள்ளையாரே, பிள்ளையாரே என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் முறுக்கினேன். பத்தரைக்கு முன்னர் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நீ வந்து ஜாக்கை இறக்கினாய். இனி ஸ்டார்ட் பண்ணுவோம் என்றாய். "பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம், பேசாமல் இரு" என்றேன். பன்னிரண்டானதும் அப்வார்ட்டின் அமைதி நேரம் தொடங்கிவிட்டது. ராகுவும் சுவிஸ்காரரும் சேர்ந்து எங்களை ஒரு மணி வரைக்கும் மட்டையில் இருத்தி வைத்தார்கள். இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து அங்கேயே உனக்கு ஊட்டிவிட்டேன், உன் கையில்தான் எண்ணெயாயிற்றே.

ஒரு மணிக்கு நீ திறப்பைத் திருப்பிக் காரை ஸ்டார்ட் பண்ணினாய். கடவுளே, அந்த உதறல்! முந்தி இருந்தது ஒன்றுமேயில்லை. கதவெல்லாம் கடகடவென்று அடித்தது, முன்தட்டின் மூடி தானாகத் திறந்து விழுந்தது. நீ நிப்பாட்டினாய். கீழே போய்ப் பார்த்தாய், மேலே பார்த்தாய், பெட்டியில் இருந்த இலக்கத்தைப் பார்த்தாய். பிறகு சில்லில் சாய்ந்து தரையில் இருந்துவிட்டாய். "பிழையான சாமான் போல கிடக்கு. இனி ஒண்டும் செய்யேலாது அம்மா. பெரியம்மா வரமாட்டா" என்றாய். உன் குரல் சின்னப் பிள்ளையில் கதவடியில் அவளை விட்டுப் பிரியும்போது வருகிற குரல். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் பார்ப்போம் என்று, அளவுக்கு இறுகினதும் 'கிளிக்' என்று சொல்லுகிற அந்த ஸ்பானரைக் கொண்டுபோய் ஒரு போல்ட்டில் வைத்தாய். வைத்த உடனேயே கிளிக் என்றது. அடுத்ததிலும் கிளிக். தலையை வெளியே நீட்டினாய்.

"அம்மா, இதை ஆர் இறுக்கினது?"

"அப்பன்... ராகுகாலம் வந்திட்டுது."

நீ ஏசியிருக்கலாம். உன் இடத்தில் நான் என்றால் கட்டடமே கேட்க ஏசியிருப்பேன். நீ அப்படியே மட்டையில் மல்லாந்து, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாய். சாமான் பிழையில்லை என்ற சந்தோசம் உனக்கு. எழும்பி வந்து நான் இறுக்கினதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்தினாய். கடைசிப் போல்ட் தளர்ந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பெரிய என்ஜின் ஒரு விரல் அகலம் நகர்ந்து, கீழே இறங்கி, இருந்தது. யாரும் தள்ளவில்லை. எங்கே இருக்கவேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. கோணலாக நிற்கும்போதே நான் அதை முறுக்கிப் பிடித்திருந்தேன், அதனால்தான் ரப்பருக்கு வேலை செய்ய இடமில்லாமல் போயிற்று என்று நீ சொன்னாய். கொஞ்சம் ஓடவிட்டு, நிப்பாட்டி, பிறகு நீ ஒவ்வொன்றாக இறுக்கினாய். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் சும்மா இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று உன் அப்பா கேட்டால் சொல்லு.

இனி உபதேசம் வருகிறது என்று நினைப்பாய். ஓம், வருகிறது. உன் மனைவி நல்ல பிள்ளை. அவளுக்கு எங்கள் வீட்டுப் பழக்கம் தெரியாது, எங்களுக்கு அவளுடையது தெரியாது. நாளைக்கே எல்லாம் சரிவரவேண்டும் என்று நான் ஸ்பானரோடு வந்து நிற்பேன், என் குணம் அது. விளக்கு எப்போது ஏற்றுவது, கறிக்கு எவ்வளவு தூள், ஞாயிறு யார் வீட்டில் சாப்பாடு என்று ஒவ்வொன்றாய் முறுக்கப் பார்ப்பேன். அப்போது நீ அவளுக்காகவும் எனக்காகவும் கதைக்காதே. என்னைப் பார்த்து, "அம்மா, இதை ஆர் இறுக்கினது?" என்று கேள். நான் விளங்கிக்கொள்வேன். நீயும் அவளை உன் அவசரத்துக்கு இறுக்காதே. அவளும் அவளுடைய பாரத்தில் வந்து இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றாய். நீ வெளிக்கிட முடியாது, ஆகவே நான். ஃபோனைக் காரோடு இணைத்து விட்டாய், உன் குரல் காருக்குள் கேட்டது. "முன்னுக்கு எடுக்கேக்க ஏதும் இடிக்குதோ அம்மா?" இல்லை. "பிறேக் பிடிக்கேக்க?" இல்லை. முதல் சிவப்பு விளக்கில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை, ஒரு அசைவும் இல்லை. ஐயோ, என்ஜின் நின்றுவிட்டது என்று பதறித் திறப்பைத் திருப்பினேன். கர்ர்ர் என்று கத்தியது. "என்ன சத்தம் அம்மா அது?" என்று நீ அலறினாய். "நிண்டு போச்சுதெண்டு நினைச்சன்" என்றேன். "அப்ப சரிவந்திட்டுது" என்று மெதுவாகச் சொன்னாய். நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. "நான் ஃப்ரிபூர்க் போறன்" என்றேன்.

பெரியம்மா நடைச்சட்டத்தோடு கதவைத் திறந்தாள். "ஏன் வந்தனீ? நான்தான் வரேல்ல எண்டு சொல்லிப்போட்டனெல்லே" என்றாள். "உன்னை ஏத்த வரேல்ல அக்கா. கீழ வந்து சும்மா ஒருக்கா இருந்து பார். பிடிக்காட்டில் இறங்கு" என்றேன். புறுபுறுத்துக்கொண்டு வந்தாள். இருக்கையில் சாய்ந்து, காலை எடுத்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முன்தட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். "சரி, ஸ்டார்ட் பண்ணு, பாப்பம்" என்றாள். "அது ஓடிக்கொண்டுதான் இருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. பிடியை விட்டு, உள்ளங்கையை விரித்து முன்தட்டில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். "ஆர் செய்தது?" என்றாள். "உன்ர மோன்." அவ்வளவுதான், தொடங்கினாள்! பொன்னுருக்கின பிள்ளையைக் காருக்குக் கீழே படுக்க விட்டேனாம், நான் ஒரு தாயாம், ஏதும் நடந்திருந்தால் என்ன செய்வேனாம். ஏசிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஏசினாள். முடிவில், "என்ர பட்டுச்சீலை மேசையில மடிச்சபடி கிடக்கு, எடுத்துக்கொண்டு வா" என்றாள். வரமாட்டேன் என்றவள் சீலையை மடித்து வைத்திருந்திருக்கிறாள்.

அன்றைக்கு நீ என்னோடு கோபித்தாய். இவ்வளவு நேரமும் இரண்டு பேரும் எங்கே போனீர்கள், ஃபோனையும் நிப்பாட்டிவிட்டு, நான் என்னவெல்லாம் நினைத்துப் பயந்தேன் என்று கத்தினாய். கல்யாண வீட்டுச் சனத்துக்குள் நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஃப்ரிபூர்க்கை விட்டு வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில் பெரியம்மாவின் கதை நின்றது. நோவாக்கும் என்று திரும்பினேன். அவள் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்து, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஒப்பரேசனுக்குப் பிறகு நான் அவளில் பார்க்காத நித்திரை. நீ கூப்பிட்டால் எழும்பிவிடுவாள் என்று ஃபோனை நிப்பாட்டினேன். வீட்டு வாசல் வந்தது, நிப்பாட்டாமல் தாண்டி ஓட்டினேன். பேர்ண் முழுவதும் சுற்றினேன், ட்ராமுக்குப் பின்னால், பாலத்துக்கு மேலால், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு விளக்கும் சிவப்பாக விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நின்றால்தானே அவள் முகத்தைப் பார்க்கலாம். ஒரு சந்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சை விழுந்தது, நான் எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹோர்னை அமத்தினான். அதற்கும் அவள் எழும்பவில்லை, தம்பி.

அம்மா